முட்டிக்குள் ஒரு அனாமத்துக் கணக்கு

பி.காம். சேர்ந்த புதிதில் எல்லோர் தலையிலும் இறங்குகிற பாடம் தேய்மானம். லாரி ஒன்று வாங்கினால் பத்து வருடம் ஓடும், வருடா வருடம் இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வா, கடைசியில் காயலான் கடை விலை மிஞ்சும். இதே வார்த்தையைத்தான் ஆஸ்பத்திரியிலும் சொல்கிறார்கள். முட்டி தேய்மானம்! ஆனால் லாரியில் தேய்ந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று கணக்குப் புத்தகம் கேட்பதில்லை. மதிப்பு குறைந்தது, எழுதியாயிற்று, முடிந்தது. உடம்பு அப்படி விடுவதில்லை. உதிர்ந்த பொடிக்கெல்லாம் அது கணக்குக் கேட்கும்.

பண்ணைக்காட்டில் ஒரு அப்பத்தா இருக்கிறார். (ஊரில் பாதிப் பேருக்கு அவர் அப்பத்தாதான், அதனால் பெயர் வேண்டாம்.) வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போகிறவர்கள் பண்ணைக்காடு பிரிவு என்ற இடத்தை பஸ் ஜன்னலில் பார்த்திருப்பார்கள். இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. பழனி மலையின் கீழ்மலைப் பகுதி. சில்வர் ஓக் மரம், அதில் ஏறின மிளகுக் கொடி, அடியில் காப்பிச் செடி, நடுநடுவே மலைவாழை. பார்க்க அழகுதான், நடக்கத்தான் ஆள் வேண்டும். வீட்டிலிருந்து தோட்டத்துக்கு இறக்கம், தோட்டத்திலிருந்து வீட்டுக்கு ஏற்றம். சமதளம் என்று ஒன்று இருந்தால் அது காப்பி காயப்போடுகிற களம் மட்டும்தான்.

நல்ல ரோட்டில் நடக்கும்போதே முட்டி மேல் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது. படி இறங்கினால் மூன்று மடங்குக்கும் மேல். அறுபது கிலோ மனுஷி ஒவ்வொரு அடிக்கும் இருநூறு கிலோவை ஒரு முட்டியில் தாங்கி, நாற்பது வருடம் காப்பிக் கூடையோடு ஏறி இறங்கினால் என்ன மிஞ்சும்? 2022-ல் சமவெளியில் ஒரு ஊருக்குப் போய் வலது முட்டியை மாற்றிக்கொண்டார். ஒரு வருடம் ராஜநடை. 2023 ஜூனில் முட்டி வீங்கியது, சுட்டது, பிறகு சீழ்.

செயற்கை மூட்டு வைத்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு இப்படிக் கிருமி தொற்றுகிறது என்று மருத்துவ உலகில் பொதுவாகச் சொல்கிற கணக்கு. குறைவுதான். ஆனால் அந்த ஒருவருக்கு அது நூற்றுக்கு நூறு. இந்தக் கிருமிகள் உலோகத்தின் மேல் வழவழவென்று ஒரு படலம் கட்டி உள்ளே குடியிருக்கும். அந்தப் படலத்துக்குள் மாத்திரையும் ஊசியும் சரியாக எட்டாது. முற்றிப்போன கேஸ்களில் வழக்கமான வழி ஒன்றுதான். போட்ட மூட்டையே கழற்ற வேண்டும்.

கழற்றினால் அங்கே ஒரு பள்ளம். புதிய மூட்டை உடனே வைத்தால் மிச்சம் இருக்கிற கிருமி அதிலும் ஏறலாம். வைக்காமல் விட்டால் சதை சுருங்கிக் கால் குட்டையாகிவிடும். அதனால் நடுவில் சில வாரங்களுக்கு ஒரு ஸ்பேசர். மருந்து கலந்த சிமெண்ட் கட்டி. கணக்குப் பாடத்தில் இருப்பாய்வு ஒத்துவராவிட்டால் வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்துக் கணக்கில் போடுவார்களே, அதேதான் இது. தப்பு எங்கே என்று கண்டுபிடித்து நேர் செய்யும் வரைக்கும் ஒரு இடம். நிரந்தரமாக வைத்துக்கொள்வதற்கு இல்லை.

சிமெண்ட் என்றதும் ராம்கோ, டால்மியா என்று போய்விடாதீர்கள் :-) இது ஒரு பிளாஸ்டிக். பாலிமெத்தில் மெதாக்ரிலேட் என்று நாக்கு சுளுக்கும் பெயர். பெர்ஸ்பெக்ஸ் என்றால் கண்ணாடி போன்ற அந்தப் பலகை ஞாபகம் வரும். பல் செட்டின் ரோஸ் நிறப் பகுதியும் இந்தக் குடும்பம்தான். இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் மேல்மூடி உடைந்து அதன் சில்லுகள் பைலட்களின் கண்ணுக்குள் போயின. ஹரால்ட் ரிட்லி என்ற ஆங்கிலேயக் கண் டாக்டர், அந்தச் சில்லு கண்ணுக்குள் சும்மா கிடக்கிறது, புண்ணாக்கவில்லை என்று கவனித்தார். 1949-ல் லண்டனில் அதே பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து கண்புரை எடுத்த கண்ணில் வைத்தார். பின்னால் 1992-ல் நம் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் ஆரோலேப் என்று ஆரம்பித்து, அயல்நாட்டில் பெரிய விலை விற்ற அந்த லென்ஸை ஏழைக்கும் எட்டுகிற விலைக்குக் கொண்டுவந்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் கண் முகாமில் அப்பத்தாவுக்கு வைத்ததும் அந்த லென்ஸ்தான்.

ஆக, ஒரே பொருள். கண்ணில் இருபது வருடமாக ஒரு வம்பும் இல்லாமல் இருக்கிறது. முட்டியில் வைத்தால் மட்டும் ஏன் "மூன்று மாதத்தில் எடுத்துவிட வேண்டும்" என்று டாக்டர் அடித்துச் சொல்கிறார்?

பதில் ஒரே வார்த்தை. உரசல். கட்டியாக இருக்கும் வரை சாதுவாக இருக்கிற பொருள் பொடியானால் வேறு ஆள் ஆகிவிடுகிறது.

இதை உலகத்துக்குக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொடுத்தவர் ஜான் சார்ன்லி. இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சைக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர், இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இருந்தார். பல் டாக்டர்கள் பயன்படுத்திய அக்ரிலிக்கை எலும்புக்குள் செலுத்தி மூட்டைப் பிடித்து நிறுத்தும் வழியை 1950-களின் கடைசியில் நிலைநாட்டியவரும் அவரே. (அது பசை இல்லை, சந்து அடைக்கிற பூச்சு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டைல்ஸ் ஒட்டுகிறவர்களுக்குப் புரியும்.) மூட்டின் கிண்ணத்துக்கு அவர் முதலில் தேர்ந்தெடுத்தது டெஃப்லான். நான்ஸ்டிக் தவாவில் இருக்கிறதே, அதே டெஃப்லான். வழுக்கும், ரசாயனமாக எதனோடும் சேராது. இதைவிட நல்ல பொருள் கிடைக்குமா?

சுமார் 300 பேருக்கு வைத்தார். நடந்தார்கள், கொண்டாடினார்கள். இரண்டு மூன்று வருடத்தில் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கிண்ணம் தேய்ந்திருந்தது. அது கூடப் பரவாயில்லை. தேய்ந்து உதிர்ந்த பொடியைச் சுற்றி உடம்பு பாலாடைக்கட்டி மாதிரி ஒரு திசுவை வளர்த்து, அது பக்கத்து எலும்பை அரித்திருந்தது. சார்ன்லி ஒவ்வொருவரையும் திரும்ப மேஜையில் படுக்க வைத்து, தான் போட்டதைத் தானே எடுத்தார்.

1962-ல் லங்காஷயர் துணி மில் தறிகளுக்குப் பிளாஸ்டிக் பல்சக்கரம் விற்கிற ஒருவர் பாலிஎத்திலீன் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். சார்ன்லிக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவரோடு வேலை பார்த்த ஹாரி கிரேவன் என்ற டெக்னீஷியன், போனால் போகிறது என்று அதைத் தேய்ப்பு மெஷினில் மாட்டி ஓட விட்டார். டெஃப்லான் ஒரு நாளில் தேய்ந்த அளவு கூட இது மூன்று வாரத்தில் தேயவில்லை! இந்த முறை சார்ன்லி அவசரப்படவில்லை. டெஃப்லான் பொடியையும் பாலிஎத்திலீன் பொடியையும் தன் சொந்தத் தொடைக்குள் வைத்துக்கொண்டு ஒன்பது மாதம் காத்திருந்தார். டெஃப்லான் இருந்த இடம் வைத்ததைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகக் கட்டி தட்டியது. பாலிஎத்திலீன் கைக்கே தட்டுப்படவில்லை. இன்றைக்கும் முட்டிக்குள் வைக்கிற பிளாஸ்டிக் அந்தப் பாலிஎத்திலீன் வழி வந்ததுதான்.

(தன் தப்பைத் தன் தொடையில் சோதித்துப் பார்த்த மனுஷன். கம்பெனி நடத்துகிறவர்கள் இப்படி ஒரு ஆடிட்டுக்குச் சம்மதிப்பார்களா?)

ஸ்பேசருக்கு வருவோம். சிமெண்டில் கிருமிக்கொல்லி மருந்தைக் கலந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வரும் என்று 1970-ல் எழுதியவர்கள் ஹாம்பர்க்கைச் சேர்ந்த புக்ஹோல்ஸும் அவருடைய சகாவும். கலந்த மருந்து ஜென்டாமைசின். கிருமி பிடித்த முட்டியைக் கழற்றி, ஆறு வாரம் ஊசி போட்டு, பிறகு புதியது வைக்கும் இரண்டு கட்ட முறையை 1983-ல் நியூயார்க்கின் இன்சாலும் அவரோடு இருந்தவர்களும் பதிவு செய்தார்கள். இன்றைக்குச் செய்கிற ஸ்பேசர் சிகிச்சை இந்த இரண்டும் சேர்ந்த குழந்தை.

ஆபரேஷன் தியேட்டரில் அதைச் செய்வதைப் பார்த்தால் சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரித்தான் இருக்கும். 40 கிராம் பொடி ஒரு பாக்கெட், 20 மில்லி திரவம் ஒரு குப்பி. கலந்ததும் மூக்கைத் துளைக்கிற வாசனை. மாவுப் பதம் வரும், சூடேறும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் கல்லாகிவிடும். அதற்குள் அச்சில் போட்டோ கையால் உருட்டியோ வடிவம் கொண்டுவர வேண்டும். சில கம்பெனி சிமெண்ட் பச்சையாக இருக்கும், எலும்பிலிருந்து பிரித்துத் தெரியட்டும் என்று. எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பேரியம் சல்பேட்டோ ஜிர்கோனியம் டை ஆக்சைடோ கலந்திருப்பார்கள். இந்த ஜிர்கோனியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சாட்சி சொல்ல வரும்.

ஸ்பேசரில் இரண்டு ஜாதி. ஒன்று அசையாதது, முட்டி நீட்டியபடியே பலகை மாதிரி நிற்கும். இன்னொன்று அசைவது. தொடை எலும்புப் பக்கம் ஒரு சிமெண்ட் துண்டு, கீழே கால் எலும்புப் பக்கம் ஒரு சிமெண்ட் துண்டு, நடுவே மடங்கும். இரண்டாவதில் நோயாளிக்கு நிம்மதி. பாத்ரூம் போகலாம், நாற்காலியில் உட்காரலாம். சதையும் இறுகிப்போகாது, அடுத்த ஆபரேஷனும் சுலபம். அப்பத்தாவுக்கு வைத்தது இந்த ரகம்தான்.

பிரச்சினையும் அங்கேயே ஆரம்பிக்கிறது. சிமெண்ட் மேல் சிமெண்ட் உரசுகிறது. உரசுவதற்காகச் செய்த பொருளே இல்லை அது. போதாக்குறைக்கு, மூட்டைப் பிடித்து நிறுத்தும் சாதாரண சிமெண்டில் 40 கிராமுக்கு ஒரு கிராம் அளவில் மருந்து கலப்பார்கள் என்றால், ஸ்பேசரில் நான்கு கிராம், அதற்கும் மேல். அவ்வளவு சேர்த்தால்தான் கிருமி சாகும். ஆனால் சர்க்கரை அதிகமான மைசூர்பாகு மாதிரி கட்டி உதிரும் தன்மைக்கு வந்துவிடும். மருந்து கரைந்து வெளியேறிய இடமெல்லாம் ஓட்டை வேறு. மருந்துக் கசிவும் முதல் சில நாட்கள்தான் வேகம், பிறகு குறைந்துகொண்டே போகும். மருந்து தீர்ந்த பிறகு அந்தக் கட்டியே கிருமி உட்கார ஒரு திண்ணையாகவும் ஆகலாம். முதல் மாதம் காவல்காரன், ஆறாவது மாதம் யார் என்று சொல்ல முடியாது.

2011-ல் ஜெர்மன் டாக்டர்கள் சிலர் ஒரு காரியம் செய்தார்கள். இரண்டாவது ஆபரேஷனில் ஸ்பேசரை எடுக்கும்போது மூட்டின் உள்சவ்விலிருந்து எடுத்த திசுவைச் சோதித்துப் பார்த்தார்கள். உள்ளே ஜிர்கோனியம் டை ஆக்சைடு துகள்கள்! எக்ஸ்ரேக்காகக் கலந்த அதே பொருள். மனித உடம்பில் இயற்கையாக அப்படி ஒன்று சவ்வில் படிந்திருக்க வழியில்லை, ஆகவே அது ஸ்பேசர் தேய்ந்து உதிர்ந்த பொடி என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி. புதிய மூட்டை வைக்கும் முன்பு அந்தச் சவ்வைச் சுரண்டி எடுத்து நன்றாகக் கழுவ வேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள்.

பொடி இருந்தால் என்ன? இரண்டு வழியில் வினை. ஒன்று சார்ன்லி பார்த்தது. மேக்ரோஃபேஜ் என்று உடம்பின் துப்புரவு செல்கள் இருக்கின்றன. ஒன்றிரண்டு மைக்ரான், பத்து மைக்ரான் அளவுத் துகள் என்றால் விழுங்கிவிடும் (தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள்). விழுங்கலாம், பிளாஸ்டிக்கைச் செரிக்க முடியாதே. அவஸ்தையில் அவை அனுப்பும் ரசாயனத் தகவலைக் கேட்டு எலும்பைத் தின்கிற செல்கள் விழித்துக்கொள்ளும். எலும்பு குறையும், மூட்டு ஆடும். 1980-களில் இதற்குச் "சிமெண்ட் நோய்" என்றே பெயர் வைத்தார்கள். பிறகு பார்த்தால் சிமெண்டே இல்லாமல் வைத்த மூட்டிலும் அதே அரிப்பு. பழியைச் சிமெண்ட் தனியாகச் சுமந்தது, குற்றவாளி பொடி. எந்தப் பொடியானாலும்.

இன்னொரு வழி எளிமையானது. கிரைண்டரில் அரிசியோடு மணல் விழுந்தால் என்ன ஆகும்? புதிய மூட்டின் வழவழப்பான உலோகத்துக்கும் பாலிஎத்திலீனுக்கும் நடுவே பழைய ஜிர்கோனியத் துகள் மாட்டினால் அதுதான். பழைய கடன் புதுக் கம்பெனியையும் முழுகடிக்கிற கதை.

உலோகப் பொடி செய்த வேலையை இந்தியாவே பார்த்திருக்கிறது. உலோகத்தோடு உலோகம் உரசும் ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டு, கோபால்ட்டும் குரோமியமும் உதிர்வதால் 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. இங்கே அந்த வகை மூட்டை வைத்துச் செய்த ஆபரேஷன்கள் சுமார் 4,700. அதில் பெரும்பாலானவர்களை அப்புறம் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்பதுதான் கொடுமை. உடம்புக்குள் போன பொருளுக்கு ஒரு ஒழுங்கான ஸ்டாக் ரிஜிஸ்டர் இல்லை!

இதற்காக அசையும் ஸ்பேசரே தப்பு என்று சொல்லிவிடக் கூடாது. கழற்றிய தொடைப்பக்க உலோகத்தையே சுத்தம் செய்து, நீராவியில் வேக வைத்து, மருந்துச் சிமெண்டோடு திரும்ப வைக்கும் முறையை 1995-ல் அமெரிக்காவில் ஹாஃப்மன் குழுவினர் எழுதினார்கள். அதில் சிமெண்டும் சிமெண்டும் உரசுவது தவிர்க்கப்படுகிறது. சிமெண்ட் ஸ்பேசரும் நல்ல கருவிதான், கெடு தாண்டாத வரை. கெடு ஏன் தாண்டுகிறது என்பதுதான் பண்ணைக்காட்டுக் கேள்வி.

அப்பத்தாவுக்கு ஜூலையில் ஸ்பேசர். அக்டோபரில் வரச் சொன்னார்கள். அக்டோபரில் அவர் தடியை ஊன்றிக் களம் வரைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"டாக்டர் மூணு மாசத்துல வரச் சொன்னாருல்ல ஆத்தா" என்று மகன் கேட்டால், "அதான் மடங்குதே, நடக்குதே, இன்னொரு தடவை எதுக்குய்யா கத்தி? பழம் செவந்து நிக்குது. எடுப்பு முடியட்டும்" என்று பதில்.

இதைப் பிடிவாதம் என்று சொல்வது சுலபம். காப்பி எடுப்பு நவம்பரில் சூடு பிடித்தால் ஜனவரி தாண்டும். பழுத்ததை எடுக்காமல் விட்டால் தரையில் உதிரும். கூலி ஆள் கிடைப்பது அரிது, மகனும் மருமகளும் தோட்டத்தில். ஆஸ்பத்திரிக்குப் போனால் துணைக்கு ஒருவர் இரண்டு வாரம் கீழேயே தங்க வேண்டும், யார் போவது? வருஷத்துக்கு ஒரு முறை வருகிற வருமானம் அது.

அரசாங்கம் 2017 ஆகஸ்ட் 16-ல் செயற்கை முட்டிக்கு உச்சவரம்பு விலை வைத்தது. சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டு சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்றது 54,720 ஆனது. இரண்டாவது முறை வைக்கிற மூட்டு 2,76,869-லிருந்து 62,770. ஜி.எஸ்.டி. தனி. சமீப காலத்தில் உருப்படியாக நடந்த விலைக்கட்டுப்பாடு இது, எத்தனையோ பேரை நடக்க வைத்திருக்கிறது. ஆனால் அது பொருளின் விலை. துணைக்கு வந்தவரின் கூலி, லாட்ஜ், வத்தலக்குண்டு இறங்கி ஏறுகிற பஸ், உதிர்ந்து போன பழம், இதெல்லாம் எந்தப் பில்லிலும் வராது. வாய்ப்புச் செலவு என்று பொருளாதாரத்தில் இரண்டு மார்க் கேள்வியாகப் படிப்பார்கள். அந்த இரண்டு மார்க்தான் ஸ்பேசரை நான்கு மாதம் கூடுதலாக உள்ளே வைத்தது.

அந்த நான்கு மாதமும் களத்துக்கும் வீட்டுக்கும் நடை. ஒவ்வொரு இறக்கத்துக்கும் மூன்று மடங்கு எடை, சிமெண்ட் மேல் சிமெண்ட். வலி இல்லாததுதான் வினை. வலித்திருந்தால் நவம்பரிலேயே போயிருப்பார். ஜனவரிக் கடைசியில் முட்டி மறுபடி கனத்தது, உள்ளே "நறநற"ங்குது என்றார். அந்த வாரமே மகன் ஜீப் பிடித்தான்.

2024 பிப்ரவரியில் இரண்டாவது ஆபரேஷன். நல்லவேளை, கிருமி திரும்பியிருக்கவில்லை. வெளியே வந்த சிமெண்ட் துண்டை டாக்டர் மகனிடம் காட்டினார். உரசின முகம் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி மழுங்கி, ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. சவ்வு தடித்துப் போயிருந்ததாம். அதைச் சுரண்டி எடுத்து, லிட்டர் லிட்டராகச் சலைன் ஊற்றிக் கழுவவே அதிக நேரம் பிடித்தது என்றார். எலும்பும் கொஞ்சம் போயிருந்ததால், முதல் முறை வைத்ததைவிட நீளமான தண்டு உள்ள மூட்டாக வைக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் டாக்டர் வார்டுக்கு வந்தபோது அப்பத்தா ஒரு சந்தேகம் கேட்டார். தன் கண்ணில் இருப்பதும் இதே பிளாஸ்டிக்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

"அப்ப கண்ணுல இருக்கிறதும் தேஞ்சு பொடியாகுமா தம்பி?"

"கண்ணு மேல யாரும் நடக்கறதில்லையேம்மா" என்றார் டாக்டர்.

தையல் பிரித்து, மார்ச் நடுவில் மலையேறினார்கள். மிளகு எடுப்பு பாதி நடந்துகொண்டிருந்தது. அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்தபடியே சாக்கு எண்ணினார். பரிசோதனைக்கு வரச் சொன்ன தேதிகளை மருமகள் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார், எடுப்பு மாதங்களில் விழுகிறதற்கு மட்டும் இரண்டு வட்டம்.